தாமிரபரணியும் நமது கல்லாப் பெட்டியும்

நைல், கங்கை, ரைன், மிசிசிப்பி என்று உலகத்தின் பெரிய ஆறுகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆற்றங்கரையில்தான் நகரங்களும் சந்தைகளும் பிறந்தன என்றும் படித்தோம். ஆனால் தூத்துக்குடி வியாபாரியிடம் ‘உங்கள் ஆறு எது?’ என்று கேட்டால், ‘நமக்கு ஏது ஆறு, கடல்தானே’ என்பார். அந்தப் பதிலை வணிகப் பெருமக்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியின் நீளம் 128 கிலோமீட்டர்தான். நைல் நதியோடு வைத்துப் பார்த்தால் ஒரு வாய்க்கால். ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்கு உண்டு. நம் ஊர்க் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது ‘தாம்ரபர்ணிகம்’ என்று ஒன்றைச் சொல்கிறது. கடலில் குளித்து எடுத்த முத்து ஆற்றின் பெயரில் விலை போயிருக்கிறது. இன்றைய வழக்கில் சொன்னால், அந்தக் காலத்து டிரேட் மார்க்.

இந்தக் கரையில் கடைவீதி எங்கே இருப்பது என்பதை முடிவு செய்ததும் ஆறுதான். பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. ஆறு கொண்டுவந்த வண்டல் மேடிட்டுக் கடல் விலகியது; இன்று கொற்கை கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. அடுத்து வந்தது காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்தபோது, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கும் பெரிய சந்தை அது. அதுவும் மேடிட்டது, பெயரே பழையகாயல் ஆகிவிட்டது. பிறகு போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயல், அதன் பின் தூத்துக்குடி. வண்டல் கொட்டும் ஆற்று வாய் நம் ஊரில் இல்லாதது ஒருவகையில் நமக்கு அனுகூலமே. பெல்ஜியத்தில் புரூஜ் நகருக்கும் இதே கதிதான். கடலுக்குப் போகும் கால்வாய் தூர்ந்ததும் வியாபாரம் ஆண்ட்வெர்ப்புக்குப் போய்விட்டது. ஆறு இடம் மாறினால் வியாபாரியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இது பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2018இல் ரைன் நதியில் நீர்மட்டம் இறங்கியபோது படகுகள் பாதிச் சரக்குக்கும் குறைவாக ஏற்றிச் சென்றன, வாடகை ஏறியது. 2022இல் மிசிசிப்பியிலும் அப்படியே. நமது ஆற்றில் சரக்குப் படகு ஓடுவதில்லை. ஆனால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கவில்லை என்று செய்தி வந்த மறுவாரமே ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கத்து மளிகைக் கடைகளில் பற்று ஏடு தடிக்கத் தொடங்கிவிடும். ‘அறுப்பு முடிந்து தருகிறேன் அண்ணாச்சி’ என்று சொன்னவருக்கு அறுப்பே இல்லையென்றால், அந்தச் சில்லறைக் கடைக்காரர் தூத்துக்குடி மொத்த வியாபாரிக்கு எதைக் கொண்டு கட்டுவார்? வாழைத்தார் லாரிக்கும் ஆத்தூர் வெற்றிலைக் கட்டுக்கும் இதே கணக்குத்தான்.

வறட்சி மெதுவாக அரிக்கிறது, வெள்ளமோ ஒரே இரவில் முடித்துவிடுகிறது. 1992 நவம்பர் வெள்ளத்தை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கினார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் வந்தது. உப்பளங்களில் குவித்திருந்த உப்பு கரைந்தது. ஏரல் கடைவீதியில் புகுந்த வெள்ளம் பொங்கலுக்காக வாங்கி அடுக்கிய சரக்கைச் சேறாக்கியது. நனைந்த சீனி மூட்டையை எந்தக் கம்பெனி திருப்பி எடுக்கும்? விவசாயிக்குப் பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு என்று ஒரு முறையாவது உண்டு. கடைக்காரரின் சேதத்தை எழுத வருவோர் மிகக் குறைவு.

ஆகவே முதலில் நம் கையில் இருப்பதைச் செய்வோம். வங்கிக் கடனுக்காக எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். வெள்ளச் சேதம் அதில் உண்டா, பின் தெருக் கிட்டங்கியின் முகவரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இடத்தில் ரூ.5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில், கடைகளுக்கென ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வெள்ளமும் அதில் அடக்கம். அழுகிய காய்கறியையும் பிளாஸ்டிக் பைகளையும் வாய்க்காலில் கொட்டும் சிலர் நம் தொழிலிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாமே சொல்ல வேண்டும். அதிகாரி வந்து சொல்லும்வரை காத்திருப்பது அழகல்ல.

அடுத்தது பெரிய விஷயம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது 1873இல் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம். மேலிருந்து அடித்து வரும் மண்ணெல்லாம் சேருமிடம் அது. பல காலம் தூர்வாராமல் கிடந்து, வழக்குப் போட்டு, 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே வேலை தொடங்கியது. அந்த வழக்குகளையும் போராட்டங்களையும் நடத்தியவர்கள் பெரும்பாலும் விவசாயிகளும் பொதுநலத்தில் அக்கறை உள்ளோரும்தான். அந்த அக்கறையில் நமக்கும் பங்கு வேண்டும் என்பதே நமது கருத்து.

விவசாயிகளுக்கு மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் உண்டு. குளம், மதகு, வாய்க்கால் எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. மழைக்காலத்துக்கு முந்தைய ஆலோசனைகளில் வணிகர்களுக்கும் இடம் கேட்போம். பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற தகவல், திறக்கும் அந்த நேரத்திலேயே ஆற்றோரத்து ஒவ்வொரு கடைவீதிச் சங்கத்துக்கும் போனில் வரவேண்டும். இரண்டு மணி நேர அவகாசம் கிடைத்தாலும் கீழ் அடுக்கு மூட்டைகளை மேலே ஏற்றிவிடலாம். ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், காயல்பட்டினம், தூத்துக்குடி வியாபாரிகள் தனித்தனியாக எழுதாமல் ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்ட் முடிவதற்குள் அது கலெக்டர் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும்.