மாடிப் பலகைத் தரையை இழைத்துத்தான் ஆக வேண்டுமா?

நம் சங்க அங்கத்தினர்களில் பலர் இன்றும் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக வாழ்ந்து வருகிறோம். கட்டடம் பழையதானால் சில இடங்களில் மாடித்தளம் தேக்குப் பலகையாக இருக்கும். நடமாட்டத்தால் வெளுத்துப்போன அந்தத் தரையைக் கண்டதும், "மெஷின் வைத்து முழுக்க இழைத்துப் புது வார்னிஷ் அடித்துவிடலாம்" என்று சொல்ல ஆள் வந்துவிடுகிறார். என் வீட்டுக்கும் வந்தார். வேண்டாமென்று அனுப்பிவிட்டேன்.

தேய்ந்திருப்பது பெரும்பாலும் மரமல்ல, மேற்பூச்சுதான். மெஷின் ஓடும் ஒவ்வொரு தடவையும் பலகையின் கனம் குறைகிறது. நாக்கும் காடியுமாகக் கோத்த பலகையில் நாக்குக்கு மேலுள்ள மரம் கொஞ்சம்தான். அது தீர்ந்தால் ஆணித்தலை தெரியும், விளிம்பு பிளக்கும். வட்டி கட்ட முதலை எடுக்கிற காரியம் இது.

அத்துடன், இழைத்த தூள் இடுக்கு வழியே கீழே இறங்கும். அங்கே இருப்பது அரிசியும் பருப்பும்! பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. என்றைக்கோ பெயிண்ட் கண்ட தரையானால் கையால்கூட உலர்வாகத் தேய்க்கலாகாது.

முதலில் தரையைப் பெருக்கி, நன்கு பிழிந்த துணியால் துடையுங்கள். வாளித்தண்ணீர் ஊற்ற வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருமுறை ஊற்றிக் கழுவியதில் கீழே ஒரு மூட்டை சர்க்கரை பாகாய்விட்டது. பிறகு ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் அவ்விடத்தில் பூச்சு போய்விட்டது. ஒரு மூலையில் டர்பன்டைன் நனைத்த துணியால் தேய்த்துப் பார்ப்பதும் அவசியம். துணியில் மஞ்சளாகப் பிசுக்கு வந்தால் மெழுகுத் தரை. அதற்கு மறுபடி மெழுகுதான். அதன்மேல் வார்னிஷ் ஒட்டாது.

வார்னிஷ் தரையானால் 220-ஆம் எண் உப்புத்தாளால், மரத்தின் ரேகை ஓடும் வாக்கில், பளபளப்பு மங்கும் மட்டும் லேசாகத் தேய்த்து, தூளைச் சுத்தமாகத் துடைத்து, மெல்லியதாக ஒரு பூச்சு போதும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, கடை விடுமுறை நாளில் செய்யுங்கள். தேயிலையும் மாவும் வாடையைப் பிடித்துக்கொள்ளும். புதுத்தரை போல் ஆகாது, உண்மைதான். பழைய கீறல்கள் தெரியும். எனக்கு அதில் குறையொன்றுமில்லை. பலகை மெத்தென்று அமுங்கினாலோ, செல் அரித்திருந்தாலோ அது வேறு விஷயம், ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வோரும் உண்டு. எண்ணெய் விற்கும் நமக்கா தெரியாது? அவை காயாது, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும், சிக்கு வாடை அடிக்கும். காய்கிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். சாக்கும் அட்டைப்பெட்டியும் நிறைந்த கடையில் அதை மூலையில் எறிந்துவிட்டுப் பூட்டிப் போகாதீர்கள். தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடி, வெளியே வையுங்கள்.