ஷேக் என்றால் மரியாதை, ஷீகா என்றால் வசையா?

அரபு மொழியில் ‘ஷேக்’ என்றால் பெரியவர், ஆசான். அதன் பெண்பாலான ‘ஷீகா’வோ மொராக்கோவில் ஒரு பெண்ணைத் திட்டவும் பயன்படுகிறது. அப்தா, துக்காலா, ஷாவியா சமவெளிகளில் ‘அய்த்தா’ என்னும் பாடல் மரபைக் காத்துவரும் பெண்கள்தாம் ஷீகாக்கள். அய்த்தா என்றால் கூவி அழைப்பது. குழுவின் ஆண்கள் வயலினைத் தொடைமேல் நிறுத்திவைத்து வாசிக்க, பெண்கள் பாடி ஆடுவார்கள். அவர்கள் வராமல் கல்யாணம் களைகட்டாது. ஆனால் விடிந்த பிறகு அவர்களோடு உறவு வைத்துக்கொள்ளப் பலரும் கூசுவார்கள். பாட்டைப் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறவர்கள், பாடுகிற பெண்ணையும் கலைஞராக, பாட்டுக்கு உரியவராக ஏற்கத்தான் வேண்டும்.

இரவுக் கச்சேரியும் மதுவும் சூழ்ந்த தொழில், அவப்பெயர் வராமல் என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். அதே இரவில் அதே குழுவில் வயலின் வாசித்த ஆண்மீது அந்தப் பெயர் ஒட்டுவதில்லையே! ஆகவே உறுத்துவது இடமல்ல, பெண் வாய்திறந்து பாடுவதுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐசா பென் ஒமர் என்ற அதிகாரியின் கொடுமையை எதிர்த்துப் பாடியதற்காகக் கர்பூஷா என்ற ஷீகா கொல்லப்பட்டதாக அப்தா மக்கள் சொல்கிறார்கள். வாய்மொழிக் கதை வரலாறாகுமா என்று தயங்கலாம். அவர் முடிவு பற்றிய விவரங்கள் ஊருக்கு ஊர் மாறுவதும் உண்மையே. ஆனாலும் ஒடுக்கப்பட்ட ஒரு குடியின் கோபம் இன்றுவரை காதில் விழுகிறதென்றால், ஏட்டில் ஏறாத அதைத் தொண்டையில் வைத்துக் காத்தவர்கள் இந்தப் பெண்கள்தாம்.

உலக அங்கீகாரம் வந்துவிட்டதே என்பது இன்னொரு சமாதானம். அண்டை நாடான அல்ஜீரியாவின் ‘ராய்’ இசையை 2022இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இசைக்குத் தாய் எனப்படும் ஷேகா ரிமித்தியின் (‘ஷீகா’ என்ற அதே சொல்தான் அங்கே ‘ஷேகா’) வாழ்க்கையைப் பாருங்கள். 1923இல் பிறந்து, அநாதையாக வளர்ந்து, ஊர் ஊராகச் சென்ற இசைக் குழுவோடு சேர்ந்தவர். வறுமையையும் பெண்ணின் ஆசையையும் மறைக்காமல் பாடினார். விடுதலை பெற்ற அல்ஜீரியாவின் வானொலியே அவருக்குக் கதவடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனத்திலேயே கட்டிய பாடல்களைப் பின்வந்த நட்சத்திரங்கள் எடுத்துப் பாடினார்கள். 2006இல் பாரிஸில் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புகூட மேடையேறினார். பட்டியல் அவருக்குப் பதினாறு ஆண்டு பிந்தி வந்தது. இன்று கிராமங்களில் பாடிக்கொண்டிருக்கும் முதிய ஷீகாக்களுக்காவது அவ்வளவு காலம் தாழ்த்தக் கூடாது: அவர்கள் பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மொட்டையாகப் போடாமல் பாடியவர் பெயரைப் போடட்டும், விற்ற காசில் அவருக்குப் பங்கும் கொடுக்கட்டும்.