சேட்டையைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

தோசையைப் பிய்த்து வைத்தது தப்பாகிவிட்டது. முழுசாக இருந்ததை அம்மா நான்காகப் பிய்த்துவிட்டாள். இனி அது தோசையே இல்லை. வேறு ஊற்றித் தந்தாலும் வேண்டாம், இதையே ஒட்டித் தர வேண்டும். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் காலை ஏழரை மணிக்கு இப்படி ஒரு வழக்கு நடக்கும். எட்டு மணிக்கு ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அதுதான் சரி என்று அடம். எட்டேகாலுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது, "அம்மா, ஆய் வருது." பத்து மணிக்கு அலுவலகத்தில் இதைச் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். ஏழரை மணிக்கு அந்த அடுப்படியில் நின்றவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

ஒரே சம்பவம் ஒருவருக்கு வேடிக்கை, இன்னொருவருக்குச் சுமை. இதைக் குழந்தை தீர்மானிப்பதில்லை. அந்த நேரத்தில் துடைக்கிற துணி யார் கையில் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருக்கிறாரா என்பவைதான் தீர்மானிக்கின்றன. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரொம்பச் சேட்டை" என்று கல்யாண வீட்டிலும் டாக்டர் கிளினிக்கிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பிள்ளைகளின் சேட்டை கூடிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அதைத் தாங்குகிற கைகள் குறைந்துவிட்டன.

முதலில் குழந்தையின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதியவர். அவருடைய மனைவி வாலன்டீனும் அந்தக் கவனிப்பில் பங்கெடுத்தார். மகன் லோரானுக்குப் பத்து மாதம் இருக்கும்போது, படுத்தபடியே கையை ஒவ்வொரு பக்கமாக நீட்டிப் பொம்மைகளை விழவிட்டு, எது எங்கே போய் விழுகிறது என்று பார்த்ததை பியாஜே பதிவு செய்திருக்கிறார். நம் வீட்டுக் குழந்தை ஸ்பூனைக் கீழே போட்டு, எடுத்துக் கொடுத்ததும் மறுபடி போடுவதும் அதே வேலைதான். அது ஒரே நேரத்தில் இரண்டைச் சோதிக்கிறது: விழுந்தால் ஸ்பூன் என்ன ஆகும், எத்தனை தடவை போட்டாலும் அம்மா எடுத்துத் தருவாளா? இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கக் கொஞ்சம் நாளாகும்.

குட்டை டம்ளரில் இருக்கும் பாலை உயரமான டம்ளரில் ஊற்றினால் பால் கூடிவிட்டதாக நான்கு வயதுக் குழந்தை நம்பும். இதையும் பியாஜே சோதித்துக் காட்டினார். அவரைப் படிக்காத தாய்மார்களுக்கும் இது தெரியும். ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, "பார், ரெண்டு" என்று கொடுப்பவர்கள் அவர்கள். ஏழெட்டு வயதில் இந்த வித்தை செல்லாது. அதே கணக்கின் மறுபக்கம்தான் பிய்ந்த தோசை: உருவம் மாறினால் பொருளே மாறிவிட்டது. அந்தக் குழந்தையின் கணக்குப்படி அதன் அழுகை முழுக்க நியாயமானது.

குழந்தைகள் நம்மைச் சிரிக்க வைப்பவர்கள் மட்டுமல்ல, வேண்டுமென்றே வேடிக்கை செய்பவர்களும்கூட. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் வாசுதேவி ரெட்டி இதை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை பொம்மையை அப்பாவிடம் நீட்டும். அவர் கையை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். எதிரில் இருப்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று புரியாமல் அவரை ஏமாற்ற முடியாது. பேச்சு வருவதற்கு முன்பே அடுத்தவர் மனம் அங்கே பிடிபடத் தொடங்கிவிட்டது. ரஷ்ய எழுத்தாளர் கொர்னேய் சுகோவ்ஸ்கி 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற நூலில், குழந்தைகள் உலகத்தைத் தலைகீழாக்கி மகிழ்வதைப் பற்றி எழுதினார். பூனை மியாவ் என்றுதான் கத்தும் என்பது ஐயமில்லாமல் தெரிந்த பிறகே, "பூனை லொள்லொள்" என்று சொல்லிவிட்டு ஒரு குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். தாத்தாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் தாத்தா, நீ பாப்பா. பாப்பா தூங்கு" என்று மிரட்டுவதும் அந்த வகைதான்.

சேட்டைக்கு இலக்கியத்திலேயே இடம் ஒதுக்கிய மொழி நம்முடையது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைச் சின்னப் பையன் காலால் உதைத்துச் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அந்தப் பருவத்தில் குரல் உழைத்துக் கட்டியவர்களுடையது என்பதைக் கவனிக்க வேண்டும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் ஆண்டாளும் அந்தச் சிறுமிகளின் பக்கம் நின்றுதான் கண்ணனிடம் பேசுகிறாள். பெரியாழ்வாரின் பாசுரங்களில் ஆய்ச்சியர் யசோதையிடம் வந்து, உன் பிள்ளை எங்கள் வீட்டில் என்ன செய்தான் தெரியுமா என்று முறையிடுகிறார்கள். அந்த முறையீட்டுக்குள்ளேயே கொஞ்சலும் இருக்கிறது. ஒரு குழந்தையின் குறும்பு ஊர் முழுவதற்கும் பங்கிடப்பட்டிருக்கிறது.

புறநானூற்றின் 188ஆவது பாடல் இன்னும் பழையது. குழந்தை நடந்து வந்து, கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் சிதறிக்கொள்வதைச் சொல்லி, பிள்ளை இல்லாத வாழ்வில் பயனில்லை என்கிறது. உணவுத் தட்டில் நடக்கும் ரகளையை இவ்வளவு அன்போடு பார்த்த பாட்டு குறைவு. ஆனால் அதைப் பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி, ஒரு மன்னன். பலரோடு உட்கார்ந்து உண்ணும் செல்வன். அந்தச் சோற்றைத் தரையிலிருந்து வழித்தெடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, நெய்ப்பிசுக்குப் போகத் துணி துவைத்தவர் யாரென்று பாட்டில் இல்லை. அவனுடைய மகிழ்ச்சி பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அது உண்மையாக இருந்ததற்கு அரண்மனையில் ஆள் இருந்ததும் ஒரு காரணம் என்றே சொல்கிறேன்.

கூட்டுக்குடும்பத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். முற்றமும் திண்ணையும் சித்தி, அத்தை, பெரியம்மாக்களும் குழந்தைக்கு நல்லவைதான். கொட்டினால் கூட்டித் தள்ள முற்றம், அழுதால் தூக்கிக்கொள்ள நாலு இடுப்பு. ஆனால் அந்த வீட்டில் பெற்றவள் அடுப்படியில் பதினைந்து பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். பேரனின் மழலையை ரசித்தவர் திண்ணையில் இருந்த தாத்தா. தன் பிள்ளை முதலில் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தது என்பதை மாமனார் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்ட மருமகள்கள் நம் பாட்டிகள்.

இன்றைக்கு அந்த நாலு இடுப்பும் இல்லை, வேலைப் பங்கீடு மட்டும் அப்படியே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு இதைச் சொல்கிறது. 15 முதல் 59 வயதுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். ஈடுபடுகிறவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 74 நிமிடம். சமையலும் துவைப்பதும் கூட்டிப் பெருக்குவதும் இந்த 140 நிமிடத்தில் சேராது, அது தனிக் கணக்கு. இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு என்னடா பண்ணினே?" என்று பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் தகப்பனுக்கு ஒரு நாளின் சேட்டை சுருக்கப்பட்ட கதையாகக் கிடைக்கிறது. தாய்க்கு அதுவே முழுநீளம்.

வீடும் சுருங்கிவிட்டது. சென்னையில் இரண்டு அறை வாடகை வீட்டில் சுவரில் கிரையான் கோடு விழுந்தால் அது வெறும் கிறுக்கல் இல்லை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வரும். கட்டிலிலிருந்து குதித்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். குழந்தை அப்போதும் குதிக்கத்தான் செய்யும், கால் அதற்குத்தான் இருக்கிறது. அதட்டுகிற அம்மாவின் குரலில் பாதி, கீழ்வீட்டுக்காரரை நினைத்து வருவது.

அந்த நெருக்கடியில்தான் செல்போன் உள்ளே வருகிறது. இரண்டு வயது நிரம்பும்வரை திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் தந்தது. சரியான அறிவுரை. ஆனால் குக்கர் விசில் அடிக்கும்போது, ஒரு கையில் கரண்டியும் இடுப்பில் குழந்தையுமாகத் தனியாக நிற்பவரிடம் அந்த வழிகாட்டுதலை நீட்டுவது அநியாயம். அங்கே இன்னொரு பெரியவர் இருந்திருக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் போன் உட்கார்ந்திருக்கிறது. போன் குழந்தையை அமைதியாக்கும், அதன் வேடிக்கைக்குப் பதிலுக்குச் சிரிக்காது. பொம்மையை நீட்டி இழுத்துக்கொள்ளும் குழந்தைக்கு ஏமாறுவதற்கு ஒரு முகம் வேண்டும்.

பாட்டிகளை வரவழைப்பது இன்னொரு வழி. மகப்பேறு விடுப்பு முடிகிற வாரத்தில் ஊரிலிருந்து ரயிலேறி வரும் பாட்டிகளால்தான் பல வீடுகளில் மருமகளோ மகளோ வேலைக்குத் திரும்ப முடிகிறது. மூட்டுவலியோடு இரண்டு வயதுக் குழந்தையின் பின்னால் சோற்றுக்கிண்ணத்துடன் ஓடும் அறுபது வயதுக்காரரின் உழைப்புக்குச் சம்பளமும் இல்லை, வாரவிடுமுறையும் இல்லை. அன்பினால் செய்வதை வேலை என்று சொல்லக் கூச்சப்படுகிறோம். கூச்சப்படாமல் சொன்னால்தான் அதைக் குறைப்பது பற்றிப் பேச முடியும்.

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. தாய் போய்ப் பார்க்கலாம். தகப்பனைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் வேலைசெய்யும் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. குழந்தை வளர்ப்பில் ஆண்கள் பங்கெடுக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இந்த இடத்தில் கைவைக்க வேண்டும். முதல் மாதத்தில் துணி மாற்றப் பழகாத கை, மூன்றாம் வருடத்தில் தோசைச் சண்டைக்குச் சமாதானம் பேச வராது.

கைவசம் இருக்கும் ஏற்பாடு பால்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. தெருவுக்குப் பக்கத்தில், காசு வாங்காமல், சத்துமாவும் முட்டையும் பாட்டும் கதையுமாக நடப்பவை. அங்கே ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் ஒரு கூட்டம் பிள்ளைகளைச் சமாளிக்கிறார்கள். ஒருத்தி அழ, ஒருவன் ஓட, இரண்டு பேர் ஒரே சிவப்பு நாற்காலிக்குச் சண்டை போட, அதற்கு நடுவில் எடை, உயரம், வருகை எல்லாவற்றையும் போனில் உள்ள செயலியில் ஏற்ற வேண்டும். உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் மையத்தில் சமைப்பவரும் பாடுபவரும் ஒருவரே. பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டியவரை நாம் பதிவேட்டோடு உட்கார வைத்திருக்கிறோம்.

காலியிடங்களை நிரப்பி, பதிவு வேலைக்குத் தனி ஆள் தருவது முதல் வேலை. அடுத்தது நேரம். பனியன் கம்பெனியில் தைக்கிறவரோ, கடையில் நிற்கிறவரோ வேலை முடிந்து வருவதற்குள் பால்வாடி பூட்டிவிடுகிறது. மிச்ச நேரத்துக்குக் குழந்தை பக்கத்து வீட்டிலோ டிவி முன்னாலோ இருக்கிறது. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் முடியும் வரை திறந்திருக்கும் மையங்கள் வேண்டும். மாலை நேரத்துக்கு வேறு ஊழியர், அவருக்கு முழுச் சம்பளம், பிள்ளைகளுக்கு ஒரு சிற்றுண்டி. இதற்காகும் செலவை மகளிர் நலத் திட்டம் என்று மட்டும் எழுதாமல், தகப்பன்மாருக்கும் முதலாளிகளுக்கும் சேர்த்து ஆகும் செலவு என்று அரசு எழுத வேண்டும். நாற்பது பெண்கள் தைக்கும் சின்ன யூனிட் சட்டத்தின் 50 பேர் கணக்குக்குள் வராது. அப்படிப்பட்ட யூனிட்டுகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.