அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த தாலி

கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரைப் பிடித்து அழித்தார்கள். ஏதென்ஸ்காரருக்கு அது இரத்த உறவுள்ள நகரம். அந்த அழிவின் சூடு ஆறுமுன்னே பிரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் அதை அரங்கேற்றினார். அரங்கு முழுவதும் வாய்விட்டு அழுதது என்று ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். சொந்தத் துன்பத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக ஆசிரியருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்தார்கள். இனி அந்த நாடகத்தை எவரும் ஆடக்கூடாதென்று தடையும் போட்டார்கள்.

இந்தப் பழைய கதையை இந்த இதழில் எழுதக் காரணம் செம்மணி. 2025 பெப்ரவரியில் செம்மணியை அடுத்த அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக் கட்டடத்துக்கு மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங்காணப்பட்டன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு பள்ளிக்கூடப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, அங்கே எடுத்த உடைகளையும் பொருட்களையும் மக்கள் பார்த்து அடையாளங்காட்டுவதற்காக வரிசையாக வைத்தார்கள். இதே செம்மணியில் 1999இல் பதினைந்து உடல்களைத் தோண்டியெடுத்ததோடு நின்றுபோன வேலைதான் கால் நூற்றாண்டு கழித்துத் தொடர்கிறது.

செம்மணியும் நாடகமாக வரும். அதை யாரும் தடுக்கவும் கூடாது. தண்டமும் தடையும் எப்படி இருக்கும் என்று இந்த மண்ணுக்குத் தெரியும். எப்படி ஆடுவது என்பதைப் பற்றித்தான் எங்களுக்குச் சொல்ல இருக்கிறது.

அரிஸ்டோட்டில் தமது பேச்சுக்கலை நூலில் ஓர் எகிப்திய அரசனின் கதையைச் சொல்கிறார். மகனைக் கொலைக்குக் கொண்டுபோவதைப் பார்த்தபோது அந்த அரசன் அழவில்லை. நண்பன் ஒருவன் பிச்சையெடுப்பதைக் கண்டபோதுதான் அழுதான். முதலாவது பயங்கரம், இரண்டாவது இரங்கத்தக்கது. பயங்கரம் மிக அருகில் வந்துவிட்டால் இரக்கத்துக்கு அங்கே இடமிருக்காது என்கிறார். துன்பியல் நாடகத்துக்கு இரக்கமும் அச்சமும் வேண்டும் என்று சொன்ன அதே மனிதர்தான் இதையும் சொல்கிறார்.

இதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு காஷ்மீரத்தில் இருந்துகொண்டு பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு உரையெழுதிய அபிநவகுப்தர், சுவையனுபவத்துக்கு ஏழு தடைகளைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று, பார்ப்பவன் தன் சொந்த இன்பதுன்பத்தின் பிடியில் இருப்பது. தன் வீட்டுச் சாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்திருப்பவனால் மேடையில் நிற்பவனின் சாவுக்குள் போகமுடியாது. அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் இசையும் வாத்தியமும் ஒப்பனையும் அரங்கில் வைக்கப்பட்டன என்பது அவர் விளக்கம். எங்கள் கூத்தில் மத்தளமும் வரவுப் பாட்டும் ஏன் அவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நாங்கள் எங்கும் படித்ததில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. வெகுளிக்கான நான்கையும் ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். 1983 முதல் 2009 வரை இந்தக் குடாநாடும் வன்னியும் கண்டவற்றுக்கு வேறு தலைப்புகள் தேவையில்லை. அழுகைக்கும் வெகுளிக்கும் நடுவே எங்கள் மேடைகள் பலமுறை வழுக்கியிருக்கின்றன. அழவைக்கத் தொடங்கி, முடிவில் முஷ்டியை உயர்த்தவைத்து அனுப்பிவிடுவது எளிது.

காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ அப்படி வழுக்காத ஆட்டம். வசந்த கான சபாவின் அரிச்சந்திரனை ஊர் ஊராகக் கோவில் வீதிகளில் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கதை எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்து வரப்போகும் பாட்டும் தெரியும். ஆனாலும் அழுதார்கள். பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடலைக்கு வருகிறாள். சுடலை காப்பவன் கூலி கேட்கிறான். இல்லையென்கிறாள். கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றுத் தா என்கிறான். அவள் திடுக்கிடுகிறாள். அந்தத் தாலி அவள் கணவன் அரிச்சந்திரன் ஒருவன் கண்ணுக்குத்தான் தெரியும்.

அடையாளப் பொருளைக் கொண்டு ஆளை அறியும் காட்சிகளை அரிஸ்டோட்டில் கலைத்திறன் குறைந்தவை என்று கீழே தள்ளுகிறார். நிகழ்ச்சிகளின் போக்கிலேயே உண்மை தானாக வெடிப்பதுதான், ஈடிப்பஸ் மன்னனுக்கு நேர்ந்ததுபோல, அவருக்கு உயர்ந்தது. எஸ்கிலஸின் எலெக்திரா தம்பியின் தலைமயிரைக் கல்லறையில் கண்டு அறிகிறாள். காளிதாசனின் துஷ்யந்தன் மீன் வயிற்றில் அகப்பட்ட மோதிரத்தைக் கண்டு நினைவு பெறுகிறான். மயான காண்டத்தில் தாலி அடையாளப் பொருள்தான். ஆனால் அது வெளிப்படுவது கூலி கேட்ட கடமையிலிருந்து. அவன் கடமை தவறியிருந்தால் அறிதலே நடந்திராது. அறிந்த பிறகும் அவன் கூலியை விட்டுக்கொடுக்கவில்லை. அரிஸ்டோட்டில் இரண்டாகப் பிரித்துவைத்ததை இந்தக் கதை ஒன்றாக முடிந்திருக்கிறது. உலக நாடகக் காட்சிகளில் மிக உயர்ந்தவற்றோடு வைத்து எண்ணத்தக்கது இது என்று தயக்கமின்றி எழுதுகிறோம்.

அந்தத் தாலியைச் சபை பார்ப்பதில்லை. உரியவனின் கண்ணுக்கு அது தெரிவதை மட்டுமே சபை பார்க்கிறது. செம்மணிப் பள்ளிக்கூடப் பைக்கும் அந்த மரியாதை வேண்டும். அதைப் போல ஒன்று செய்து மேடையின் நடுவே ஒளிபாய்ச்சி வைக்காதீர்கள். அதை அறிய உரிமையுள்ள ஒரு தாய் எங்கேயோ இருக்கிறாள், அல்லது அவளும் இல்லாமல் போயிருக்கிறாள். அந்த அறிதல் வழக்கேட்டில் இன்னும் முடியவில்லை. முடியாத அறிதலை மேடையில் முடித்துக் காட்டிக் கைதட்டு வாங்குவதை இந்த இதழ் ஏற்காது.

கிரேக்கத்தில் போலஸ் என்றொரு நடிகன் இருந்தான். சொபோக்கிளிஸின் எலெக்திராவாக, தம்பியின் சாம்பல் என்று நம்பிய கலசத்தைக் கட்டிக்கொண்டு அவன் அழவேண்டும். மேடைக்குப் புதைகுழியிலிருந்து தன் இறந்த மகனின் சாம்பலை எடுத்துவந்து அழுதான் என்று ரோமானிய எழுத்தாளர் ஜெல்லியஸ் குறித்திருக்கிறார். சபையின் கண்ணுக்கு அது நாடகக் கலசம்தான். அந்தத் துயரம் அவனுடையது. அதை எடுக்கும் உரிமையும் அவனுடையது.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கடினமானது. பரதர் கருணச் சுவையையும் பிரிவுத்துயரையும் பிரிக்கும் இடத்தில் ஓர் அளவுகோலைத் தருகிறார். கருணத்தில் நம்பிக்கை அற்றுவிட்டது. பிரிவில் நம்பிக்கை மீந்திருக்கிறது. கொலையையும் சிறையையும் கருணத்துக்குக் காரணமாக வைக்கிறார். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவனின் தாய் இதில் எந்தப் பக்கம்? 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் கந்தசாமி கோவிலடியில் படங்களோடு குந்தியிருந்த தாய்மாரிடம் நம்பிக்கை இருக்கிறது. அது அவர்களை வாழவிடவில்லை. செத்தவீடு நடக்கவில்லை, ஒப்பாரி இல்லை, முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்ய வழியில்லை. சொபோக்கிளிஸின் அன்ரிகனிக்குக்கூடத் தமையனின் உடல் கிடைத்தது; அதன்மேல் ஒரு கைப்பிடி மண் போடத்தான் அவள் அரசனோடு மோதினாள். துயரம் என்றால் அதற்கு ஒரு முடிவிடம் உண்டு என்று இரு மரபுகளும் எடுத்துக்கொண்டிருந்தன. முடிவிடமில்லாத துயரத்துக்கு ஒரு நாடக வடிவம் தேவை. அது இங்கிருந்துதான் வரமுடியும்.

அதற்கான ஆட்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரையும் தனஞ்சயரின் தசரூபகத்தையும் ஒரே நூலில் வைத்து விபுலாநந்தர் ‘மதங்க சூளாமணி’ எழுதியது 1926இல். கரவெட்டி கா. சிவத்தம்பி, பேர்மிங்ஹாமில் கிரேக்க நாடக அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் படித்து, பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆய்ந்தார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் வந்தது. உரைஞர் கூட்டம் அதில் ஊரின் குரலாக நின்றது. சண்முகலிங்கத்தின் ‘அன்னையிட்ட தீ’ போரால் சிதைந்த மனங்களை எடுத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் அந்தப் பெரியவரும் போய்விட்டார்.

அளவெட்டி மகாகவி போருக்கு முன்னரே எழுதிவைத்த ‘புதியதொரு வீடு’ இன்றைக்கு முதலில் எடுக்கவேண்டிய பிரதி என்பது எங்கள் எண்ணம். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. இறந்துவிட்டானென்று ஊர் முடிவுகட்ட, மனைவி அவன் தம்பியை மணக்கிறாள். பிறகு அவன் வருகிறான். யாரிலும் குற்றமில்லை. காணாமல்போனவனைச் சுற்றி எஞ்சியவர்கள் எப்படி வாழ்வது என்று கேட்ட பா நாடகம் அது. 1971இல் மறைந்த கவிஞருக்கு வரப்போவது தெரிந்திராது. இன்று அந்தக் கேள்வியோடு வாழும் பெண்கள் முன்வரிசையில் இருப்பார்கள் என்பதை நெறியாளர் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது சபையைப் பற்றியது. மாரத்தனில் தானே நின்று, உடன்பிறந்தவனையும் அங்கே பறிகொடுத்த எஸ்கிலஸ், கி.மு. 472இல் ‘பாரசீகர்’ நாடகத்தில் தோற்ற பகைவரின் தாயை ஏதென்ஸ் மேடையில் அழவிட்டார். மீலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று பெண்களை அடிமையாக்கிய ஏதென்ஸ்காரரின் முன்னாலேயே, கி.மு. 415இல் யூரிப்பிடிஸ் ‘திரோயப் பெண்கள்’ நாடகத்தை வைத்தார். அந்த நாடகத்தைத் தர்மசிறி பண்டாரநாயக்க சிங்களத்தில் ஆடிக்காட்டியது இங்கே போர் எரிந்துகொண்டிருந்தபோது. அழவேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள் என்பதை அவர் புரிந்திருந்தார். செம்மணி நாடகம் சொந்தத் துன்பத்தை மறுபடி கண்முன் வைத்து நல்லூரிலும் சாவகச்சேரியிலும் தாய்மாரை மயங்கி விழவைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு அது தெரியும். அது கண்டியிலும் மாத்தறையிலும் ஆடப்படவேண்டியது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், சிங்கள நடிகர் வேண்டும், பணம் வேண்டும், இடம் தருகிற மண்டபம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்களுக்கும், பாசையூர், குருநகர் அண்ணாவிமாருக்கும், தெற்கில் எங்கள் எழுத்தைப் படிக்கும் நண்பர்களுக்கும் இதைக் கேட்கிறோம். பிரதி எழுதுகிறவர்கள் அனுப்பினால் அடுத்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குவோம்.