மாத்திரை கொடுத்தால் போதுமா? வீட்டு ஆளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்

குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, இழுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது, மதமதன்னு இருக்கு... வலியைச் சொல்ல நம்மிடம் இத்தனை வார்த்தைகள். (விட்டுப்போனது இன்னும் பத்தாவது தேறும்.) ஆனால் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் வாயிலிருந்து வருவது "வலிக்குது சார்" மட்டும்தான். அவரும் ஒரு பாராசிட்டமால் எழுதி அனுப்பிவிடுகிறார்.

இதில் என்ன குடிமுழுகிப் போச்சு என்று கேட்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் விஷயத்தில் நிறையவே போகிறது. உடம்பு வலி, தலைவலிக்குப் பாராசிட்டமால் ஓரளவு கேட்கும். உள்ளங்கால் எரிகிறது, மதமதக்கிறது, ஊசி குத்துகிறது என்றால் அது அநேகமாக நரம்பு வலி. அதற்குக் காபாபென்டின் போல வேறு வகை மருந்து வேண்டும். எச்.ஐ.வி. கிருமியே நரம்பைக் கெடுக்கும். போதாததற்கு மருந்துகளும் சேர்ந்துகொண்டன. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கியபோது கொடுத்த மருந்துகளில் ஸ்டாவுடின் ஒன்று. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது, கூடவே பலருக்குக் கால் நரம்பையும் கெடுத்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. மாத்திரை போய்விட்டாலும் சிலருக்கு அந்த எரிச்சல் போகவில்லை. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிடும் இதே வேலையைச் செய்யக்கூடியது. அதைத் தடுக்கத்தான் கூடவே பி6 வைட்டமின் தருகிறார்கள். "சத்து மாத்திரைதானே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நாம் தள்ளிப்போடுவதும் அதைத்தான்!

இது எதுவும் ரகசியம் இல்லை. ஆனால் வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ யார் சொன்னார்கள்? என் ஆதங்கம் இங்கேதான். காபாபென்டினை வலிப்புக்கும் கொடுப்பார்கள். "உங்களுக்கு எதுக்கு வலிப்பு மாத்திரை?" என்று யாராவது கேட்டாலே போதும், அது நின்றுவிடும். அப்புறம் நேராக மெடிக்கல் ஷாப். கடைக்காரர் டைக்ளோஃபினாக் ஒன்றும், வயிறு எரியாமலிருக்க ஒரு ஆன்டாசிடும் கொடுப்பார். பத்து ரூபாயில் விஷயம் முடிந்தது மாதிரி தெரியும்.

முடியவில்லை என்பதுதான் சிக்கல். இன்றைக்கு அரசு மையங்களில் பெரியவர்கள் அநேகம் பேருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் எடுப்பவர் டைக்ளோஃபினாக் போன்றவற்றை அதிக அளவில் விழுங்கினால் சிறுநீரகம் அடிவாங்கலாம். மக்னீசியமோ அலுமினியமோ உள்ள ஆன்டாசிடை டோலுடெக்ராவிரோடு சேர்த்துக் குடித்தால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஆன்டாசிடுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் கழித்தோதான் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட வேண்டும். வலியைத் தீர்க்கப் போய் உயிர்காக்கும் மருந்தையே கெடுத்துக்கொள்கிற கதை இது. நோயாளியின் மேலும் வீட்டு ஆளின் மேலும் நான் தப்பே சொல்ல மாட்டேன், அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

சொல்லிக்கொடுத்தால் மட்டும் வலி குறைந்துவிடுமா? நியாயமான கேள்விதான். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கென்னடி ங்கோமாவும் உடன் பணியாற்றியவர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு அது. நோய் முற்றிய நிலையில் இருந்த 182 பேர், ஒவ்வொருவரோடும் அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு ஆள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு நேரில் அரைமணி நேரப் பேச்சு, கையில் ஒரு துண்டறிக்கை, இரண்டு வாரம் கழித்து ஒரு போன். அவ்வளவுதான். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் சொல்லிக்கொடுத்த பிரிவில் வலி குறைவு. பார்த்துக்கொள்பவர்களுக்கும் வலியைப் பற்றிய அறிவு கூடியிருந்தது. புது மருந்தும் இல்லை, மெஷினும் இல்லை.

அரைமணியில் என்னதான் சொல்வது? வலி எங்கே, எப்படி, எப்போது என்று கேட்கக் கற்றுத்தரலாம். ஆப்பிரிக்காவில் இதற்கு விரல் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். கையை மூடினால் வலி இல்லை, ஐந்து விரலையும் விரித்தால் உச்ச வலி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் குறித்துக்கொள்ளலாம். அடுத்தது, தொடர்ந்து இருக்கும் வலிக்கு மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், துடிக்கும் வரை காத்திருக்கக்கூடாது. அப்புறம் மார்ஃபின். பேரைக் கேட்டாலே "அடிமையாகிடுவார்", "கடைசி நேரத்து மருந்தாச்சே" என்று பயந்து பாதி அளவைக் கொடுத்துவிட்டுப் பாதியை எடுத்து வைக்கிற வீடுகள் உண்டு. டாக்டர் கண்காணிப்பில் வலிக்குச் சரியான அளவில் கொடுத்தால் அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து கேட்டு வாங்கவேண்டும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தி மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதைச் சுலபமாக்கினார்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் பயத்தை எந்தத் திருத்தம் எடுக்கும்?

ஏ.ஆர்.டி. மையங்களில் ஆலோசகர்களுக்கு ஏற்கனவே தலைக்கு மேல் வேலை என்பார்கள். வாஸ்தவம். ஆனால் மருந்து வாங்க வருகிறவர்கள் அங்கே பெஞ்சில் காத்துக்கிடக்கிறார்களே, அந்த நேரத்தில் நாலைந்து பேரை உட்காரவைத்துப் பேசலாம். நர்ஸ் பேசலாம், பல வருடமாக மருந்து எடுத்துவரும் ஒருவரே பேசினால் இன்னும் நல்லது.

இன்னொரு சிக்கல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பல வீடுகளில் நோய் என்னவென்றே மற்றவர்களுக்குத் தெரியாது. சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக்கூடாது என்பது 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டத்தின் பொதுவான விதியும்கூட. அப்படியானால் வீட்டு ஆளுக்கு எப்படிப் பாடம் எடுப்பது? வலியைப் பற்றிப் பேச நோயின் பெயர் தேவையே இல்லை. புற்றுநோய்க்காரர் வீட்டிலும், சர்க்கரையால் கால் எரிகிறவர் வீட்டிலும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான். ஏ.ஆர்.டி. மாத்திரையோடு எது சேராது என்பதை நோயாளியிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம். துண்டறிக்கையில் சிவப்பு ரிப்பனும் வேண்டாம், மையத்தின் முத்திரையும் வேண்டாம். "வலி வந்தால் வீட்டில் என்ன செய்வது?" என்று மட்டும் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல் காலண்டர் பக்கத்திலேயே மாட்டுவார்கள்.