நாய்க்குப் போய் ஹார்மோன் ஊசியா?

கேட்கிறார்கள். பக்கத்துத் தறிக்காரர் கேட்டார், பால்காரர் கேட்டார், போன ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனரும் கேட்டுவிட்டார். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் செல்லிக்கு வயது ஐந்து, எடை 14 கிலோ, ஜாதி தெருநாய். போன வருஷம் திடீரென்று சோறு தொடமாட்டாள், வாந்தி, பின்னங்கால் நடுக்கம். நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும், பிறகு திரும்ப வரும். வயிற்றுக் கோளாறு என்று ஒருவரும், உண்ணிக் காய்ச்சல் என்று ஒருவரும் மருந்து கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இந்த நோய் போடும் வேஷம் அப்படி. கடைசியில் கார் பேசி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் சோடியம் 128, பொட்டாசியம் 7.1. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 27-க்குக் குறையக்கூடாதாம். எங்களுக்கு வந்தது 18. மேற்கொண்டு ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். அடிசன் நோய்.

லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் 1855-ல் மனிதர்களிடம் கண்டு எழுதியது. அவர் பெயரையே நோய்க்குச் சூட்டியவர் பாரிஸ் டாக்டர் த்ரூஸோ. (பிரெஞ்சு வழியில் படித்தவன் இதைச் சொல்லாமல் விடுவேனா?) சிறுநீரகத்தின் தலைமேல் இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தின்றுவிடுகிறது. உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் நின்றுபோகிறது. உப்பு சிறுநீரோடு போய்விடும், பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு குறையும். ஒரு பட்டாசு வெடித்தால்கூடத் தாங்காது, ஏனென்றால் அதிர்ச்சியைத் தாங்கவைக்கும் கார்ட்டிசாலும் அங்கேதான் சுரக்கிறது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். டாக்டர் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எழுதினார், காலை ஒன்றரை, மாலை ஒன்றரை. கூடவே கொஞ்சம் பிரெட்னிசோலோன். செல்லி பத்தே நாளில் கோழி துரத்த ஆரம்பித்தாள். அப்போதுதான் ஒரு உறவினர் வந்து, "மாமா, ஸ்டீராய்டு விஷம், கிட்னியைத் தின்றுவிடும், நாய்தான் நல்லா இருக்கே, நிறுத்துங்க" என்றார். முப்பது வருஷம் அரசாங்கக் கோப்பில் குறிப்பெழுதியவன், ஒரு வார்த்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினேன். ஐந்தாம் நாள் ராத்திரி அவள் எழுந்து நிற்கவில்லை. சேலத்துக்கு ஓடினோம். விடியும்வரை சலைன் ஏறியது. என் மனைவி என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

விஷமாம்! அளவு மீறினால் எதுதான் விஷமில்லை? புஜக்காரரை வளர்க்கக் கொடுக்கிற ஸ்டீராய்டு வேறு, உடம்பில் சுரக்கவேண்டியது சுரக்காதபோது அந்தக் குறையை மட்டும் நிரப்புவது வேறு. சர்க்கரைக்காரர் இன்சுலின் போட்டால் அதை யாராவது விஷம் என்கிறோமா? அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு இதே அடிசன் நோய்தான். ஹார்மோன் எடுத்துக்கொண்டுதான் நாட்டை ஆண்டார்.

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகன் வீட்டு நாய்க்கும் இதே நோய். அங்கே மாத்திரை இல்லை, ஊசி. டெஸாக்ஸிகார்ட்டிகோஸ்டீரோன் பிவலேட் என்று நாக்கு சுளுக்கும் பெயர். கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் என்று ஆரம்பித்து ஏறத்தாழ 25 நாளுக்கு ஒரு தரம் போடுகிறார்கள். பத்தாம் நாளும் இருபத்தைந்தாம் நாளும் ரத்தம் பார்த்து அளவையும் இடைவெளியையும் சரி செய்கிறார்கள். பிரெட்னிசோலோன் மட்டும் தினமும், சின்ன அளவில்.

நான் கேட்பது அந்த ஊசியைத்தான். சேலத்தில் நான் ஏறி இறங்கிய கடை எதிலும் அது இல்லை. மாத்திரை என்பது தினமும் இரண்டு வேளை, வருஷத்துக்கு 730 தரம், வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் வாய்க்கெல்லாம் தப்பிக்க வேண்டியது. ஊசி அப்படியில்லை. உள்ளே போனது போனதுதான், என்னைப் போன்ற முட்டாள் மனம் மாறினாலும் 25 நாள் வேலை செய்யும். இலவசமாகக் கேட்கவில்லை. காசு கொடுக்கிறேன், வாங்க ஒரு இடம் இருக்கட்டும் என்கிறேன்.

"மாட்டுக்கே மருந்து இல்லை, நாய்க்கா?" என்பார்கள். மாட்டுக்கும் வேண்டும், யார் வேண்டாம் என்றது? ஒன்றைக் காட்டி ஒன்றை மறுப்பது எங்கள் ஆபீசில் நாங்கள் செய்த வேலை. அந்த வித்தை எனக்கும் தெரியும்.

"பேசாமல் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுங்கள்" என்றும் ஒருவர் சொன்னார். ஊசி என்றதும் அந்த ஊசிதான் இவர்கள் ஞாபகத்துக்கு வருகிறது. மருந்து ஒழுங்காகப் போனால் மற்ற நாய் போலவே ஆயுசுக்கும் இருக்கும் நோய் இது. அவருக்கு நான் காபி கொடுக்கவில்லை.

தீபாவளி வருகிறது. வெடி தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்தே பிரெட்னிசோலோனை இரட்டிப்பாக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலண்டரில் சிவப்பு மையில் குறித்துவிட்டேன். அந்த உறவினரும் பலகாரத்தோடு வருவார். மாத்திரை டப்பா இப்போது என் மனைவியின் பீரோவில், சாவி அவள் இடுப்பில்.