ஹைட்ரஜன் வரும், புகை வராது... கரியை என்ன செய்வது? கடலூர் கவனிக்க வேண்டிய புதிய தொழில்நுட்பம்

கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்திலிருந்து தெற்கே சிதம்பரம் நோக்கிப் போனால், வழியில் ஒரு சட்ட எல்லை வந்துவிடும். 2020 பிப்ரவரியில் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், குமராட்சி, பரங்கிப்பேட்டை ஆகிய 5 ஒன்றியங்களைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே எண்ணெய், எரிவாயு எடுக்கப் புதிதாகக் கிணறு தோண்டத் தடை. திருவந்திபுரம் இருக்கும் கடலூர் ஒன்றியம் அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு நடுவில், இயற்கை எரிவாயுவை எரிக்காமலே, புகையில்லாமல் ஹைட்ரஜன் எடுக்கலாம் என்கிறது ஒரு புதிய தொழில்நுட்பம். அப்படியானால் எரிவாயு மீதான எதிர்ப்புக்கு இனி அர்த்தம் இல்லையா?

எப்படி வேலை செய்கிறது?

இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அது. இன்று ஹைட்ரஜன் பெரும்பாலும், மீத்தேனோடு நீராவியைச் சேர்த்துச் சூடாக்கித்தான் தயாராகிறது. இதில் 1 கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 முதல் 10 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.

புதிய முறையில் நீராவியும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. சுமார் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிக் கிடக்கும் உலோகத்தின் அடியில் மீத்தேனைக் குமிழிகளாக விடுவார்கள். மேலே ஏறும் வழியிலேயே அது உடைந்துவிடும். ஹைட்ரஜன் வாயுவாக வெளியே வரும். கார்பன், உலோகத்தைவிட எடை குறைந்தது என்பதால், பாலில் ஆடை படிவது போல மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்துவிடலாம்.

உருகிய உலோகம் ஏன்? வெறும் உலையில் மீத்தேனைப் பிளந்தால், கரி உள்ளே அப்பிக்கொண்டு குழாயை அடைத்துவிடும். திரவத்தில் அந்தத் தொல்லை குறைவு.

யார் செய்து பார்த்தார்கள்?

இயற்பியலுக்கு 1984-ல் நோபல் பரிசு பெற்ற கார்லோ ரூபியாவின் முனைப்பில், ஜெர்மனியின் போட்ஸ்டாம், கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் உருகிய வெள்ளீயத்தில் இதைச் சோதித்தார்கள். 1,200 டிகிரியில் 78 சதவீதம் வரை பலன் கிடைத்தது. 2017-ல் அமெரிக்காவின் சாண்டா பார்பரா கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, நிக்கலும் பிஸ்மத்தும் கலந்த உலோகத்தில் 1,065 டிகிரியில் 95 சதவீத மீத்தேனைப் பிளந்து காட்டியது. ஆனால், இவை ஆய்வகக் கணக்குகள். கரியோடு ஒட்டிக்கொண்டு உலோகமும் வெளியேறுவது தொழிற்சாலை அளவில் இன்னும் தலைவலிதான்.

சரி, சிக்கல் எங்கே?

முதலில் எரிவாயுத் தேவை. நீராவி முறையில் பாதி ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வந்துவிடும். புதிய முறையில் முழுவதும் மீத்தேனிலிருந்துதான் வர வேண்டும். வேதியியல் கணக்குப்படி 1 கிலோ ஹைட்ரஜனுக்கு நீராவி முறையில் 2 கிலோ மீத்தேன், இதில் 4 கிலோ. நீராவி முறையில் உலையைச் சூடாக்கவும் எரிவாயு எரிப்பதால், நடைமுறையில் இடைவெளி குறையும். ஆனாலும் புதிய முறைக்குத்தான் எரிவாயு கூடுதலாக வேண்டும்.

இந்தியா தனக்குத் தேவையான எரிவாயுவில் ஏறத்தாழ பாதியை இறக்குமதி செய்கிறது. தேவை கூடினால் ஒன்று கப்பலில் வர வேண்டும், இல்லையென்றால் உள்நாட்டில் புதுக் கிணறுகள் வேண்டும். காவிரிப் படுகை மீதான அழுத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது கரி. 1 கிலோ ஹைட்ரஜனோடு 3 கிலோ கார்பன் வரும். இந்தியா ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. பெரும்பகுதி உரத்துக்கும் எண்ணெய் சுத்திகரிப்புக்கும் போகிறது. அத்தனையையும் இப்படித் தயாரித்தால் 1.5 கோடி டன் கரி சேரும். டயருக்கும் மைக்கும் உலகமே பயன்படுத்தும் கார்பன் பிளாக் மொத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மீதியைக் கொட்ட இடம் தேட வேண்டும்.

மூன்றாவது கசிவு. கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். உலையில் மிச்சப்படுத்திய புகையைக் கசிவு விழுங்கிவிடலாம்.

அரசு இதைப் ‘பசுமை’ என்று ஏற்குமா?

இப்போதைக்கு இல்லை. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒதுக்கீடு ரூ.19,744 கோடி. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வரையறைப்படி, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்தோ, உயிரிப் பொருள்களிலிருந்தோ எடுப்பதுதான் பசுமை ஹைட்ரஜன். 1 கிலோவுக்கு உமிழ்வு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. நிலத்தடி எரிவாயுவைப் பிளந்து எடுப்பதற்கு ‘டர்க்காய்ஸ்’ என்று தனிப்பெயர்.

ஆனாலும் ஒரு சாதகம் உண்டு. தண்ணீரைப் பிளப்பதைவிட மீத்தேனைப் பிளக்க, கணக்குப்படி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஆற்றலே போதும்.

கடலூருக்கு என்ன வழி?

மீத்தேன் நிலத்தடியில் மட்டும் இல்லை. சாணத்திலும் சர்க்கரை ஆலைக் கழிவிலும் கிடைக்கிறது. திருவந்திபுரத்துக்குப் பக்கத்திலேயே நெல்லிக்குப்பத்தில் பழைமையான சர்க்கரை ஆலை இருக்கிறது. கழிவிலிருந்து உயிரிவாயு எடுப்பதை ஊக்குவிக்க 2018 முதல் மத்திய அரசின் ‘சதத்’ திட்டமும் நடைமுறையில் உள்ளது. அந்த வாயுவைச் சுத்திகரித்துப் பிளந்தால் கிணறு தேவையில்லை. கரும்பு காற்றிலிருந்து எடுத்த கார்பனும் திடப்பொருளாகத் தங்கிவிடும். அளவு சிறியதுதான், ஆனால் வயலைத் தொடாது.

2019 ஜூனில் ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக மரக்காணம் முதல் ராமேஸ்வரம் வரை கடலோர மாவட்டங்களில் மனிதச் சங்கிலிக்காகக் கைகோத்தவர்கள், எரிவாயுவை எப்படி எரிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. நிலத்தடி நீரும் விளைநிலமும் என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள். உருகிய உலோகம் புகைக்குப் பதில் சொல்கிறது. அவர்களுடைய கேள்விக்கு அதில் பதில் இல்லை. ‘சுத்தமான ஹைட்ரஜன்’ என்று நாளை ஒரு திட்டம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது: மீத்தேன் எங்கிருந்து வருகிறது, கரி எங்கே போகிறது?